ஆறிய தவிடு

பார்லித் தவிடு தின்ற காடைகளின் எச்சம் கூண்டுக்கு அடியிலிருந்த தட்டுகளில் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சுரண்டி கினுயோவுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. மலிவென்று தவிட்டை வாங்கி வந்த புருஷன் ஷிகெஹாருவோ, "என்சைம் பொடி கலக்கறேன்ல, நல்லா செரிச்சு, எச்சம் காய்ஞ்சு விழும் பாரு" என்று தினமும் அதே பாட்டைப் பாடினான்.

அன்று காலை பண்ணைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். ஆவி பறக்கும் தவிட்டில் அவன் பொடியைத் தூவிக்கொண்டிருந்தான்.

"அட மனுஷா! மிசோ விழுது புளிக்கப் போடறப்ப கொதிக்கிற சோயாவுலயா கோஜிப் பூஞ்சையைக் கொட்டுவோம்? சூட்டுல வீணாயிடாதா? இந்தப் பொடியும் அப்படித்தானே!"

"குளிர்காலமாச்சே, பாவம், சுடச்சுடத் தின்னட்டும்னு..." என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அன்றிலிருந்து தவிட்டை விசிறி ஆறவைத்தது கினுயோதான். சில நாளில் எச்சம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரே தள்ளில் தட்டு பளிச்சென்றாக, அவள் போட்ட கூச்சலில் காடைகள் மிரண்டன.

மாலையில் வழக்கம்போலத் தைலத்தோடு இடுப்பு நீவ வந்தவனிடம், "இனிமே அந்த வேலை இல்லே, போங்க" என்றாள்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அடச்சே, சூடாவே கலந்திருக்கலாம் போலிருக்கே!"

கினுயோ சிரிப்பை அடக்கிக்கொண்டு குப்புறப் படுத்தாள். "விசிறி விசிறித் தோள் வலிக்குது. வாங்க."