புளியந்தாங்கல் மதகும் பருவநிலை மாநாடும்

பாரிசில் உலக நாடுகளெல்லாம் கூடிப் பருவநிலை மாநாடு நடத்தப் போகின்றன என்ற செய்தி, 2015 நவம்பரில் திண்டிவனத்துக் கோதண்டபாணியின் வேர்க்கடலை மண்டிக்கு வந்து சேர்ந்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டம்ளரிலேயே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“பாரிசுக்கு இன்னா கொம்பா மொளைச்சிருக்குது? நம்ம ஊர்ல மண்டபம் இல்லியா, மைக் செட்டு இல்லியா?” என்றார்.

அடுத்த ஆறு மாதத்தில் தேர்தல். ‘வருங்கால எம்.எல்.ஏ.’ என்று சுவரெல்லாம் எழுதியாகிவிட்டது. எதற்காக அவர் எம்.எல்.ஏ. ஆகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம்தான் பாக்கி இருந்தது. அதைப் பருவநிலை கொண்டுவந்து கொடுத்தது. அவரே தொடங்கி அவரே தலைவராக இருக்கும் நகர நற்பணிப் பேரவை மாநாட்டை நடத்தும் என்று அன்றைக்கே முடிவாயிற்று. சென்னையில் படித்துவிட்டு வந்து சும்மா இருந்த அக்கா மகன் அரிபிரசாத் ஒருங்கிணைப்பாளர் ஆனான். மேம்பாலத்திலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் நாற்பது பிளெக்ஸ் கட்டினார்கள். ‘பாரிசுக்கு வழிகாட்டும் திண்டிவனமே!’ என்பது வாசகம். எல்லாவற்றிலும் பெரியது இருபதடி. அதில் கோதண்டபாணி பூமிக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். பூமி அவருடைய இடுப்பளவுதான் இருந்தது.

இந்தக் கூத்து ஒன்றும் செந்தாமரைக்குத் தெரியாது. கூட்டேரிப்பட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற புளியந்தாங்கலில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசன நிலம். அவளுடைய கவலையெல்லாம் மதகு. ஆறு வருஷம் ஏமாற்றிய மழை அந்த ஐப்பசியில் கொட்டித் தீர்த்து ஏரியை நிரப்பிவிட்டது. ஆனால் மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்து உடைந்து போய் வருஷம் ரெண்டு ஆகிறது. வந்த தண்ணீர் வந்த வேகத்திலேயே மதகு வழியாக இறங்கி, ஓடையைப் பிடித்து, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் மார்கழிக்குள் ஏரி வறண்டுவிடும். தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது தண்ணீர் இல்லாவிட்டால் வைக்கோல்தான் மிஞ்சும். போன வருஷம் அதுதான் மிஞ்சியது. இந்த வருஷமும் அப்படியென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குச் சித்தாள் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அலுவலகத்துக்கு அவள் ஐந்து மனு கொடுத்திருந்தாள். ஐந்துக்கும் ஒரே பதில்: “எஸ்டிமேட் போயிருக்குதும்மா.” எங்கே போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரோடு சேர்ந்து அதுவும் கடலுக்குப் போயிருக்கலாம். அவளும் பக்கத்து நிலத்துக்காரன் கொளஞ்சியும் மணல் மூட்டையும் வைக்கோல் பிரியும் போட்டு மதகை அடைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் விடிவதற்குள் தண்ணீர் அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அந்த நேரத்தில்தான் அரிபிரசாத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“அக்கா, உங்களப் பத்திச் சொன்னாங்க. எங்க மாநாட்டுக்கு ஒரு பாதிக்கப்பட்ட விவசாயி வேணும். லேடீஸா இருந்தா இன்னும் நல்லாருக்கும்.”

“பாதிப்புக்கு இன்னாப்பா கொறைச்சலு. மதகு ஒடைஞ்சி தண்ணி போய்க்கினு இருக்குது. அதைப் பத்திப் பேசலாமா?”

“அது லோக்கல் மேட்டருக்கா. நாம பேசறது குளோபல்.” அவள் முகம் விழுந்ததைப் பார்த்து, “சரி, மத்தியானம் ‘உள்ளூர் நடவடிக்கை’ன்னு ஒரு அமர்வு இருக்குது. மூணு நிமிஷம் பேசிக்குங்க. மனுவை மாமா கையில குடுத்துடுங்க. அவரு ஒரு போன் போட்டா எந்த ஆபீசும் ஆடிப்பூடும்” என்றான்.

அந்த ஒரு போனுக்காகத்தான் அவள் போனாள். ஆறாவது மனுவை எழுதிக்கொண்டு, பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் ஏசி போட்டிருந்தார்கள். பூமி சூடாகிறது என்று பேசியவர் குளிரில் இரண்டு தடவை தும்மினார். அடுத்தவர் வடதுருவத்துப் பனி உருகுவதைச் சொல்லிக் கண் கலங்கினார். அதற்கடுத்தவர் 2050-ஆம் வருஷத்தைப் பற்றிப் பேசினார். தை மாதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் குறை சொல்ல முடியாது, இரண்டு பாயசம்.

செந்தாமரை முறை வரும்போது மணி நாலாகிவிட்டது. பொன்னாடை போர்த்தி, ஒரு கையில் மரக்கன்றும் இன்னொரு கையில் கேடயமும் கொடுத்தார்கள். மைக்கைப் பிடிக்கக் கையில்லை. “எங்க ஊரு மதகு...” என்று ஆரம்பித்ததும் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. “இந்தத் தாயின் கண்ணீருக்குத் தலைவர் பதில் சொல்வார்!” என்று தொகுப்பாளர் முழங்கினார். அவள் அழவே இல்லை.

கோதண்டபாணி மனுவை வாங்கினார், கேமராவைப் பார்த்தார், திரும்பாமலேயே பின்னால் நீட்டினார். பின்னால் நின்றவர் அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அப்படியே கைமாறிக் கைமாறிப் போன மனு, மேடை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த மைக் ஸ்டாண்டுக்கு அடியில் நாலாக மடித்துச் சொருகப்பட்டது. ஸ்டாண்டு ஆடாமல் நின்றது. தன் கண்ணெதிரே அதைப் பார்த்தபோது செந்தாமரைக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மாநாடு பதினாலு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்பதாவது, நகரத்தில் பிளெக்ஸ் பேனர்களை அறவே ஒழிப்பது. அதை வாசித்தவருக்கு மேலேயும் பின்னாலேயும் பிளெக்ஸ்தான் இருந்தது. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் அரிபிரசாத் அன்று சாயங்காலமே ஆள் விட்டு எல்லாவற்றையும் கழற்றினான். மண்டப வாசலில் மலைபோலக் குவிந்துவிட்டது.

“இதை எங்க கொண்டும்போய்ப் போடறதுன்னே தெரியலக்கா. ஒரே பேஜாரா இருக்குது” என்று தலையைச் சொறிந்தான்.

செந்தாமரை அந்தக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “என்னை ஊர்ல விடற குட்டியானை வண்டியில ஏத்துப்பா. நான் எடுத்துக்கினு போறேன்.”

“உங்களுக்கு எதுக்குக்கா?”

“உள்ளூர் நடவடிக்கை” என்றாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவளும் கொளஞ்சியும் ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். மணல் மூட்டைகளைப் பிளெக்ஸில் சுற்றி மதகின் வாயில் திணித்தார்கள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. கடைசியாக அந்த இருபதடி. தண்ணீரே அதை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டது. ஒரு முனை மட்டும் மதகுக்குள் நுழைந்து வாய்க்கால் பக்கம் வெளியே தொங்கியது. கும்பிட்ட கை உள்ளே மாட்டிக்கொள்ள, கோதண்டபாணியின் முகம் மட்டும் தலைகீழாகச் சிரித்தது. மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. மற்றபடி ஒழுக்கு நின்றுபோயிற்று. செந்தாமரை கரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ அழுகையும் வந்தது.

கொளஞ்சி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். பத்து மணிக்குள் திண்டிவனம் முழுக்கப் பார்த்துவிட்டது. பதினோரு மணிக்கு இரண்டு காரில் கோதண்டபாணி வந்தார்.

“யார்ரா செஞ்சது? எம் மூஞ்சியக் கொண்டாந்து சேத்துல வெச்சிக்கிறீங்களே! டேய், புடுங்குங்கடா ஜல்தி!”

ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். செந்தாமரை மதகின் மேலேயே ஏறி நின்றாள்.

“புடுங்கட்டும்ணே. நான் தடுக்க மாட்டேன். புடுங்கினா பத்து நாள்ல ஏரி காலி. ஒடைஞ்ச மதகை ஆபீசு பாக்கல, அடைச்ச மதகைக் கோதண்டபாணி அண்ணன் தொறந்து வுட்டாருன்னு நாலு ஊரும் பேசும். கொளஞ்சி, போனை நல்லாத் தூக்கிப் புடி.”

கொளஞ்சி போனைத் தூக்கிப் பிடித்தான். கரைமேல் அதற்குள் நூறு பேர் கூடியிருந்தார்கள். நூறும் ஓட்டு. கோதண்டபாணி தலைகீழாகச் சிரிக்கும் தன் முகத்தைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பிடுங்கினால் ஓட்டு போகும், விட்டால் மானம் போகும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

“அப்ப இன்னாதாம்மா பண்ணச் சொல்ற?” குரல் இறங்கிவிட்டது.

“ஒரு போன் போடுங்கண்ணே.”

போட்டார். எஸ்டிமேட் எங்கிருந்தோ உடனே கிடைத்துவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் வெல்டிங்காரர் வந்தார், சிமென்ட் வந்தது, புது இரும்புப் பலகை, ஏற்றி இறக்கும் திருகோடு வந்தது. இரண்டு வருஷமும் ஐந்து மனுவும் செய்யாததை ஒரு முகம் ஒரே நாளில் செய்துவிட்டது. பலகை இறங்கி, மதகு அடைபட்ட பிறகுதான் பிளெக்ஸை உருவினார்கள். ஆட்கள் தலைவர் முகத்தை வாய்க்கால் தண்ணீரில் பயபக்தியோடு கழுவி, துவட்டி, மடித்துக் காரில் வைத்தார்கள். ‘மாநாட்டின் முதல் வெற்றி’ என்று அரிபிரசாத் பேப்பருக்குச் செய்தி அனுப்பினான். செந்தாமரைக்கு அதில் வருத்தமில்லை. ஏரியில் தண்ணீர் நின்றது, அது போதும்.

நாலு நாள் கழித்து, முகையூர்ப் பக்கத்திலிருந்து பொன்னி என்றொரு பெண் மூன்று பஸ் மாறி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, வாட்ஸ்அப்புல பார்த்தேன். எங்க ஊரு மதகும் ஒடைஞ்சி மூணு வருஷம் ஆவுது. ஏழு மனு குடுத்துட்டோம்” என்றவள், கேட்கக் கொஞ்சம் கூச்சப்பட்டாள். “அவரு படம் ஏதாவது மிச்சம் இருக்குதா?”

செந்தாமரை மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். அங்கே மூன்று பிளெக்ஸ் சுருட்டி வைத்திருந்தாள்.

“ஓட்டை எவ்ளோ பெருசு?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பொன்னி இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். செந்தாமரை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றையும் பிரித்து, இருப்பதில் பெரிய முகமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.