மஞ்சள் கொழுப்பு

சனிக்கிழமை காலையில் தலைநகர் காபரோனேயிலிருந்து வரும் முதல் கோம்பி வேன் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தால், அத்தானிடமிருந்து கறி வந்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் இறங்க மாட்டார். ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை நீட்டுவார், நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும். வேனில் இருக்கும் அத்தனை பேரும் என் கையையே பார்ப்பார்கள். பனிக்கட்டி போட்டுத் துணி சுற்றி வரும் எதையும் எங்கள் ஊர் சந்தேகத்துடன்தான் பார்க்கும்.

அம்மா பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். கறுப்புத் தட்டில், கண்ணாடித்தாளுக்குள், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறித்துண்டு ஒன்று நகைக்கடைச் சங்கிலி மாதிரி படுத்திருந்தது. ஓரத்தில் கொழுப்பு. அது மஞ்சளாக இருந்தது. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறவர்களின் முகத்தோடு அம்மா குனிந்து பார்த்தாள்.

“மறுபடியும் கிழட்டு மாடு,” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கொழுப்பின் நிறத்தை வைத்தே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளை என்றால் இளசு. மஞ்சள் என்றால் கன்றுகள் பல ஈன்று, பால் வற்றி, நடக்க அலுத்துப்போய், கடைசியில் விற்கப்பட்ட பசு. மாமியார் வீட்டுக்கு மஞ்சள் கொழுப்புக் கறி அனுப்பும் மருமகன், அதற்குப் பதில் நேரில் வந்து வாசலில் துப்பிவிட்டுப் போகலாம். செலவாவது மிச்சம்.

அம்மாவின் அண்ணன் ராந்தாவோ மாமா அன்று மாட்டுப்பட்டியிலிருந்து வந்திருந்தார். “அதுல ஏதோ எழுதியிருக்கே, படிடா கபோ,” என்றார்.

படித்தேன். “புல் மட்டுமே தின்று, திறந்தவெளியில் மேய்ந்து வளர்ந்தது.”

மாமா கொஞ்சநேரம் காத்திருந்தார், மீதி இருக்கும் என்று. “மாடு வேற என்னத்தடா தின்னும்?”

“அடைச்சு வச்சு மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைப்பாங்க மாமா. அது சீக்கிரம் எடை ஏறும்.”

“மக்காச்சோளமா? நாம தின்றதையா?”

“ஆமா.”

“அப்போ எது ஒசத்தி? நம்ம சாப்பாட்டைத் தின்ன மாடா, மாட்டுச் சாப்பாட்டைத் தின்ன மாடா?”

“புல்லு தின்னதுக்குத்தான் விலை அதிகம்.”

“என் பட்டியில இருக்கிறதெல்லாம் புல்லுதான் தின்னுது. போன வறட்சியில ஒண்ணு என் சட்டையையும் தின்னுச்சு. எவனும் எனக்கு ஒரு காசு கூடக் குடுக்கலையே?”

மாமாவிடம் எத்தனை மாடுகள் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அடுத்தவன் மாட்டை எண்ணுவது அடுத்தவன் பெட்டிக்குள் கையை விடுவது மாதிரி. நிறைய இருக்கின்றன. அத்தான் பென்யோ என் அக்காவுக்குப் பரிசமாகக் கொடுத்த எட்டு மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. இருந்தாலும் எங்கள் வீட்டில் கறி கடையில்தான் வாங்குவோம். பட்டியில் நிற்கும் மாடு மாடு, கடையில் தொங்குவது கறி. இரண்டுக்கும் உறவு உண்டு என்று பேசுவது மாமாவுக்குப் பிடிக்காது.

அம்மா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரீசரின் அடியில், முந்தின வாரங்களின் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை அனுப்பியதை வீச முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிழட்டு மாட்டைப் போட முடியாது. இப்படி அனுப்பலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கவும் முடியாது. முடியாதவை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஃப்ரீசரின் அடி என்று ஓர் இடம் உண்டு. அக்கா போனோலோவுக்கு அம்மா தெருமுனைக் கறிக்கடையில் வெள்ளைக் கொழுப்பாகப் பார்த்து வாங்கி வேகவைத்துப் போட்டாள். சாயங்காலம் அத்தான் போனில், “சாப்பிட்டாளா?” என்று கேட்பார். “சாப்பிட்டா மாப்ள,” என்பாள் அம்மா. பொய்யும் இல்லை.

இந்தக் கறிக்கெல்லாம் காரணம் அக்காவின் இரத்தம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஏழாம் மாதத்தில் வந்தவள், எங்கள் கிளினிக்கில் விரலைக் குத்திக்கொண்டபோது இரத்தம் மிகவும் குறைவு என்று தெரிந்தது. நர்ஸ் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “பிரசவத்துல ரத்தம் போறது சகஜம்மா. இவகிட்ட போறதுக்கே இல்ல,” என்றாள். மாத்திரை தந்தாள். கறி, பீன்ஸ், கீரை சாப்பிடச் சொன்னாள். அடுத்த பரிசோதனையிலும் ஏறவில்லையென்றால் இங்கே பிரசவம் பார்க்க மாட்டோம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்றாள். அன்றிலிருந்து அக்கா கண்ணாடி பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

அத்தானுக்குக் காபரோனேயில் ஒரு பெரிய கடை வளாகத்தில் காவல்காரர் வேலை. அங்கே இறைச்சிப் பகுதியில் ஒரு பெண் நின்று, குச்சியில் குத்திய கறித்துண்டுகளை வருகிறவர்களுக்குக் கொடுத்துப் புல்லின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தான் வேலை நேரம் முழுக்க அவளுக்கு எதிரே நின்றவர். அத்தனை தடவை கேட்டால் நானே புல் தின்ன ஆரம்பித்திருப்பேன். அக்காவுக்கு இரத்தம் குறைவு என்று கேட்ட அன்று எனக்குப் போன் செய்தார்.

“மச்சான், நீ சாப்பாட்டைப் பத்தியே படிக்கிறவன். புல்லு தின்ன மாட்டுக் கறி, அந்த விலைக்குத் தகுமா?”

உணவு அறிவியலில் இரண்டாம் ஆண்டு முடித்த ஒருவனிடம் முதல்முறையாக ஒருவர் உணவைப் பற்றிக் கேட்கிறார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “கொழுப்போட தன்மையில ஓரளவு வித்தியாசம் இருக்கிறதா ஆய்வுகள் சொல்லுது அத்தான். இருந்தாலும்…”

“வித்தியாசம் இருக்கா? அது போதும் மச்சான்,” என்று வைத்துவிட்டார்.

அந்த ‘இருந்தாலும்’ என் வாயிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பின்னால் நான் சொல்ல வைத்திருந்தது இதுதான்: புல் தின்ற மாட்டின் கொழுப்பில் நல்ல கொழுப்பு கொஞ்சம் அதிகம், உண்மை. ஆனால் ஒரு டின் மீனில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் சத்தும் கொஞ்சம் கூட இருக்கிறது, அதுவும் உண்மை. எங்கள் வேலியோரத்துக் கீரையில் அது ஏராளமாக, இலவசமாக இருக்கிறது. அக்காவுக்கு வேண்டிய இரும்பு எந்தக் கறியிலும் அநேகமாக ஒரே அளவுதான். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டேன். அத்தான் அதற்குள் கறி வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். “சொல்லு மச்சான், சத்தமா இருக்கு,” என்றார். எதுவும் இல்லை என்றேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அத்தான் நேரிலேயே வந்தார். கையில் பொட்டலம். மொருலா மரத்தடியில் மாமாவுக்கு எதிரே அவருக்கு நாற்காலி போட்டோம். எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் போனில் பேசலாம், நேருக்கு நேர் பேசிக்கொள்வது வழக்கமில்லை. நடுவில் மாமா இருப்பார்.

“அண்ணே, மாப்ள நல்லா இருக்காரான்னு கேளுங்க,” என்றாள் அம்மா, இரண்டு கை தூரத்திலிருந்து.

“நல்லா இருக்கியாப்பா?”

“நல்லா இருக்கேன் மாமா. அத்தை நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காராம்,” என்றார் மாமா அம்மாவிடம். “நல்லா இருக்காளாம்,” என்றார் அத்தானிடம். அவர் உடம்பு நோகாமல் செய்யும் ஒரே வேலை இது.

ஆனால் அத்தான் நல்லா இல்லை. சீருடைச் சட்டை இன்னொருவருடையதைப் போல் தோளில் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. அதிலிருந்து மிஞ்சிய நாக்கு இடுப்பைச் சுற்றிப் பாதி வழி போயிருந்தது. அக்கா வாசற்படியில் நின்று அந்த ஓட்டையையே பார்த்தாள்.

“மதியத்துக்கு என்ன சாப்பிடுற?” என்றாள்.

“மக்வின்யா.”

“காலையில?”

“மக்வின்யாதான். சூடா இருக்கும்.”

“ராத்திரி?”

அத்தான் சிரித்தார். “காலையில வாங்கினதுல மிச்சம் இருக்கும். அது ஆறிப்போயிருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்.”

எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. அதைத் தின்று ஒருவர் உயிரோடு இருக்கலாம். அதற்குமேல் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. அக்கா உள்ளே போனாள். ஃப்ரீசர் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா பாதி எழுந்து அப்படியே நின்றாள். அக்கா துணி துவைக்கும் பேசின் ஒன்றை வயிற்றுக்கு மேலே தாங்கி, சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து அத்தானின் பூட்ஸுக்கு முன்னால் வைத்தாள். உறைபனி பிடித்த பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்காதவை.

“இதுக்காகத்தானே பட்டினி கிடந்த? பாத்துக்க.”

அத்தான் ஒன்றைத் தூக்கிப் பனியைத் துடைத்தார். “நீ சாப்பிடலையா?”

“அம்மா கிழட்டு மாடுன்னு நினைச்சாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் சொல்லல.”

“கிழட்டு மாடா? அந்தக் கடையிலேயே இதான் விலை ஒசந்தது!”

“கொழுப்பு மஞ்சளா இருக்கே மாப்ள!” என்றாள் அம்மா. மாமா இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவருக்கு வேலை போய்விட்டது.

“பச்சைப்புல்லு தின்னா மஞ்சளாத்தான் இருக்கும் அத்தை! அந்தப் பொம்பள சொன்னா. அதுலதான் சத்தே.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “கபோ, நீ சொல்லு. எனக்கு வேண்டிய ரத்தம் இதுல அதிகமா, இல்லையா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் உறைந்த கறியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்வது எப்படி என்று எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, செய்முறைத் தேர்வும் வைக்கவில்லை.

“இரும்பு ரெண்டுலயும் ஒண்ணுதான் அத்தான்,” என்றேன்.

“ஒண்ணுதான்னா?”

“மாடு எதைத் தின்னாலும் அது ரத்தம் ரத்தம்தான். வித்தியாசம் கொழுப்புல. அதுவும் கொஞ்சம். இந்தக் காசுக்கு நம்ம தெருமுனையில மூணு மடங்கு கறி கிடைக்கும்.”

“அந்தப் பொம்பள கோட்டு போட்டிருந்தா மச்சான். வெள்ளைக் கோட்டு.”

“நானும் போடுவேன் அத்தான், லேப்ல. துவைக்கிறதுகூட நாங்கதான்.”

அவர் சிரிக்கவில்லை. மடியில் பனி உருகி, கால்சட்டையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அப்போ நான் போட்டதும் கறிதானே? தினமும் போட்டேனே. நாளைக்கு ரத்தம் ஏறியிருக்கும்ல?”

ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று, “கூடவே டீ குடுத்தீங்களாம்மா?” என்றேன்.

“கறி தின்னா டீ குடிக்காம?”

“டீ வயித்துல இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாது. நர்ஸ் சொல்லலையா?”

அக்கா தரையைப் பார்த்தாள். நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ஆனால் அம்மாவின் டீயை வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை, சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களும் இல்லை. அம்மா அடுப்பின் மேலிருந்த கெட்டிலை வெகுநேரம் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே ஒரு திருடன் இத்தனை வருஷமாகக் கரி பூசி உட்கார்ந்திருந்ததுபோல.

“கறி உறைஞ்சா உருகும், உருகினா நாறும்,” என்றார் மாமா. எழுந்து கொட்டகையிலிருந்து மூன்றுகால் இரும்புப் பானையை உருட்டிக்கொண்டு வந்தார். பொட்டலங்களைக் கத்தியால் கீறி ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். மெல்லிய தீயில் இருபுறமும் சற்றே வாட்டி, நடுவில் சிவப்பு மாறாமல் எடுக்கவும் என்று அட்டையில் எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். மாமா அட்டையை வாங்கி அடுப்பில் வைத்தார். தீ நன்றாகப் பிடித்தது. தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். எலும்பே இல்லாத கறியாக இருக்கிறதே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

மதியம் தாண்டி, கறி நூல் நூலாகப் பிரியத் தொடங்கியதும் மாமாவும் அத்தானும் ஆளுக்கொரு மரக்கட்டையால் இடித்தார்கள். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் செயாபே அம்மா தலைத்துணி கட்டி, தோளைச் சால்வையால் மூடி, முகத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்து நின்றாள். ஆண்கள் பானையில் கறி இடித்தால் எங்கள் ஊரில் கல்யாணம், இல்லை சாவு. கல்யாணம் என்றால் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

“யாரு?” என்றாள் மெதுவாக.

“யாரும் போகலை,” என்றார் மாமா.

“பின்ன எதுக்கு இடிக்கிறீங்க?”

“போகாம இருக்கத்தான். உட்காரு, தின்னு.”

சால்வையோடு வந்ததை வீணாக்க வேண்டாம் என்று அவள் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை மென்றதும், “இளங்கறி போல இருக்கே,” என்றாள்.

அம்மா மக்காச்சோளக் களியும் கறியுமாகத் தட்டுகளை நிரப்பினாள். அத்தானின் தட்டை அவளே கொண்டுபோய் நேராக அவர் கையில் கொடுத்தாள். அது இதுவரை நடந்ததில்லை. “சாப்பிடுங்க மாப்ள. இனிமே பொட்டலம் வரவேண்டாம். நீங்க வாங்க.” பழக்கத்தில் அக்காவுக்கென்று ஒரு கப் டீயும் ஊற்றிவிட்டாள். ஊற்றியபிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். செயாபே அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அக்கா அத்தானுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் தன் தட்டிலிருந்து ஒரு கறியுருண்டையை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

“நாளைக்கு உனக்குத்தான் ஊசி,” என்று அவர் திருப்பித் தள்ளினார்.

“நாளைக்குக் குத்துற ரத்தம் இன்னிக்குத் தின்னு வராது. நீ தின்னு.”

“உனக்கு.”

“உனக்குன்னேன்ல?”

தட்டுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கறியுருண்டை நின்றுவிட்டது. அவள் விரல்கள் அதன் மேல் இருந்தன. அவர் விரல்கள் அவள் விரல்கள் மேல். யாரும் தள்ளவில்லை. மாமா பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மொருலா மரத்தின் உச்சியில் எதையோ தேடினாள்.