ஒட்டிய மூன்றாம் இயல்

சூரமங்கலத்தில் டைப்பிங் சென்டர் வைத்து ஆறு வருடம் ஆகிறது. ஆய்வேடு கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. எல்லாவற்றையும் கண்டபடி செய்துவிட்டு, கடைசி நாளில் நம் தலையில் கட்டுவார்கள். கவினும் அப்படித்தான் வந்தான். அவனுடைய கோப்பில் தலைப்பு எண்கள் முதல் இரண்டு இயலிலும் ஒழுங்காக ஓடின. மூன்றாம் இயலில் மறுபடி 1.1 என்று ஆரம்பித்துத் தொலைத்தன.

"எத்தன தடவ மாத்துனாலும் ஒண்ணுக்கே போவுதுங்கக்கா. நாளைக்குக் குடுக்கோணுங்க."

"வேற ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டுனீங்களா?"

"ஆமாங்க," என்றான், கொஞ்சம்கூடக் கூசாமல்.

ஒட்டினால் அப்படித்தான் ஆகும். பழைய கோப்பில் தலைப்புக்கென்று பெயரிட்டு வைத்த அமைப்பும், ஸ்டைல் என்போம், கூடவே வந்து, தனியாக ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும். ஸ்டைல் பட்டியலைத் திறந்தேன். 'மைதிலி தலைப்பு' என்று இருந்தது.

மைதிலி நான்தான். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது என் ஆய்வேட்டுத் தலைப்புகளுக்கு நானே வைத்த பெயர் அது.

மேச்சேரிப் பக்கம் பட்டி பட்டியாக அலைந்து, மூன்று வருடம் ஆட்டுக்குட்டிகளைத் தராசில் தூக்கி மாட்டி எழுதிய எடைகள் அத்தனையும் அந்த மூன்றாம் இயலில் இருந்தன. என்மேல் அடித்த ஆட்டு வாடைக்கு பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். கடைசியில் என் வழிகாட்டி கலைமணி, "இந்த டேட்டா செல்லாது சாமி, புதுசா ஆரம்பி" என்றார். எனக்குத் தெம்பில்லை, படிப்பை விட்டுவிட்டேன். இயலின் கோப்பையும் எடை எழுதிய நோட்டுகளையும் நகல்கூட வைக்காமல் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன், மடச்சி.

"உங்க கைடு யாருங்க?"

"கலைமணி சாருங்க. எனக்குத் தாய்மாமன். இந்த இயல் அவரு குடுத்ததுதானுங்க."

அவன் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டேன்.

"சார், மைதிலி பேசறனுங்க. என்னோட இயல் கவின் ஃபைல்ல இருக்குதுங்க."

"நல்லா இருக்கியா சாமி? நீ உட்டுட்டுப் போனது வீணாப் போவக்கூடாதுன்னுதான். பையனுக்கு நம்பர மட்டும் சரிபண்ணிக் குடுத்துரு."

கவின் தலையைக் குனிந்துகொண்டான். சரிபண்ணிக் கொடுத்தேன். ஆனால் என் ஸ்டைலை அழிக்கவில்லை. மற்ற தலைப்புகளோடு அதையும் ஒரே எண் வரிசையில் கோத்து, எண்ணை மட்டும் 3.1 என்று தொடரவைத்தேன். அந்த இயல் என்னுடையது என்று சொல்ல எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அடுத்த வாரமே கல்லூரியில் புகார் கொடுத்தேன். விசாரித்த அம்மாள் வசந்தாமணி நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார், கவின் சமர்ப்பித்த கோப்பை வரவழைத்துத் திறந்தார். ஸ்டைல் பட்டியலில் என் பெயரைக் காட்டினேன்.

அவர் முதல் பக்கங்களுக்குப் போய் நன்றியுரையைச் சத்தமாகப் படித்தார்.

"'தலைப்புகளைச் சீர்செய்து அழகுறத் தட்டச்சு செய்து தந்த சூரமங்கலம் மைதிலி அக்காவுக்கு என் நன்றி.' இது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க."

"நீங்க அடிச்சுக் குடுத்த ஃபைல்ல உங்க பேரு இருக்கறது வழக்கந்தானுங்களே, மைதிலி?"

என் கடையில் நான் திருத்திக் கொடுத்த கோப்பில் அந்த வரி இல்லை. யார் எழுதச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.