கால் முளைத்த கோடு

கொக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். பிறக்கும்போதே காலைத்தான் முதலில் நீட்டினாள் என்று இன்றைக்கும் சாதிப்பான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரசவ அறைக்குள் அவனை யார் விட்டார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பதினைந்து வயதில் அந்தப் பெயர் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது.

அளவெடுத்துத் தைக்கிற வேலை அண்ணியுடையது. பஸ் டிப்போவுக்கு எதிரே அவளுக்கு ஒரு கடை இருந்தது. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு கண்ணாடி. அதற்கு மேல் ஓர் ஆள் உள்ளே வந்தால் இன்னோர் ஆள் வெளியே போக வேண்டும். பள்ளி நாட்களில் அவளும் நூறு மீட்டர் ஓடியவள். முட்டி ஒன்று மக்கர் பண்ணியதில் ஓட்டம் நின்று, மிதிப்பதற்கு மிஷின் மட்டும் மிஞ்சியது. கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், கொக்கு மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி ஏறுவதைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல என்கூட வா" என்றாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று உலகமே பேசிக்கொண்டிருக்க, இந்த வீட்டில் மட்டும் இரண்டு பேரும் விடிந்தும் விடியாமலும் ஜோடியாகக் காணாமல் போனார்கள். அண்ணன் தன் டீயைத் தானே போட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டான்.

டிப்போவுக்குப் பின்னால் கிடந்த காலி நிலம்தான் மைதானம். நூறு மீட்டரை அளக்க நீளமான டேப் கேட்டு அண்ணன் நாலு இடம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். "அளக்கிறதே என் பொழப்பு, இதுக்கு இன்னொருத்தர் டேப்பு எதுக்கு?" என்றாள் அண்ணி. நல்ல டேப்பை மண்ணில் போட அவளுக்கு மனசு வரவில்லை. எதற்காகவோ ஒதுக்கி, டிராயரின் மூலையில் சுருட்டிப் போட்டிருந்த பழைய துணி டேப்பை எடுத்துவந்தாள். ஒன்றரை மீட்டர் டேப். ஒரு முனையைக் கொக்கு பிடிக்க, மறுமுனையில் அண்ணி ஆணியால் கீற, அறுபத்தாறு தடவை குனிந்து நிமிர்ந்து, கடைசியில் ஒரு மீட்டர் சேர்த்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். "ஒரு நூல் பிசகாது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் அண்ணி.

அந்தக் கோட்டருகே ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் சிவப்பு வெட்டுத்துணியுமாக அவள் நிற்பாள். துணி கீழே இறங்கினால் கொக்கு கிளம்ப வேண்டும்.

ஓடும்போது கொக்குவுக்கு ஓடுகிற மாதிரியே இருக்காது. முதல் பத்து எட்டு மட்டும் மண் காலைப் பிடித்து இழுக்கும். பிறகு உலகத்தின் சத்தத்தை யாரோ மெல்லக் குறைத்துவிடுவார்கள். டிப்போவில் பஸ்கள் இருமுவது நின்றுவிடும். பனி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிடும். கால்கள் தம் பாட்டுக்கு எங்கோ கீழே இருக்க, அவள் மட்டும் மார்பளவு உயரத்தில் சும்மா மிதந்து போய்க்கொண்டிருப்பாள். தூரத்தில் அந்தச் சிவப்புத்துணி பெரிதாகிக்கொண்டே வரும். அந்தச் சில விநாடிகளில் அவளுக்கு வீடு, பள்ளிக்கூடம், பரீட்சை எதுவும் கிடையாது. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் முடிவில் மட்டும் ஒரு விஷயம் இடித்தது. இதோ வந்துவிட்டது என்று உடம்பு சொல்லும், கோடு வந்திருக்காது. கடைசி நொடியில் அது ஓர் எட்டு பின்வாங்கி நிற்கும்.

"அண்ணி, கோடு நகருது."

"கோட்டுக்குக் கால் முளைச்சிருக்கா? உனக்குத்தான் கடைசில மூச்சு போகுது. பன்னெண்டு புள்ளி எட்டு. மறுபடியும் போ."

ஐந்து மாதம் அந்தப் பன்னிரண்டு புள்ளி எட்டு அசையவில்லை. அண்ணி என்னென்னவோ செய்து பார்த்தாள். கிளம்பும்போது குனிகிற விதத்தை மாற்றினாள், கை வீச்சை மாற்றினாள், மிக்சரை நிறுத்தினாள். ஒருநாள் கோபத்தில், "உனக்கு மனசு இல்ல, அதான் உடம்பு வரல" என்றுகூடச் சொல்லிவிட்டாள். கொக்கு அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

மாவட்ட டீமுக்கான தேர்வுப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசில் மாஸ்டர் வந்தார். பெரிய ஸ்டேடியத்தில் முப்பது பிள்ளைகளை ஓட வைக்கிறவர். தூங்கும்போதும் கழுத்தில் விசில் இருக்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர் கெட்டவர் இல்லை. கொக்கு ஓடுவதை இரண்டு தடவை பார்த்தார், வாட்சைப் பார்த்தார், பிறகு அண்ணியைத் தனியே கூப்பிட்டார். மைதானத்தில் தனியே என்று ஓர் இடம் கிடையாது, எல்லாம் கேட்டது.

"இந்தக் காலுக்கு இது டைமே இல்லம்மா. எங்கயோ தப்பு நடக்குது. எங்கிட்ட விட்டுப் பாருங்க."

அண்ணி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "டீம்ல எடுக்க பன்னெண்டு புள்ளி ஆறு வேணும். அன்னைக்கு அவ அதுக்குள்ள வரலன்னா நானே கொண்டுவந்து விடுறேன்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கொக்கு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீமில் எடுப்பார்களா மாட்டார்களா என்பதெல்லாம் அவள் மண்டையில் ஏறவே இல்லை. போட்டிக்குப் பிறகு அந்தச் சிவப்புத்துணியைப் பிடித்துக்கொண்டு வேறு யாராவது நிற்பார்களா என்பதுதான் அவளுக்குக் கவலை.

தேர்வு நாளன்று ஸ்டேடியத்தில் தரை செங்கல் நிறத்தில் வழவழவென்று கிடந்தது. அண்ணி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். துப்பாக்கி வெடித்ததும் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. கொக்கு மிதந்தாள். வலப்பக்கம் ஒருத்தி மூச்சுவிடுவது கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வெள்ளைக் கோடு எதிரே வந்தது. இப்போது பின்வாங்கும் என்று அவள் உடம்பு காத்திருந்தது. அது பின்வாங்கவில்லை. வந்து, காலடியில் படுத்து, பின்னால் போயே போய்விட்டது. மற்றவர்கள் கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட, இவள் மட்டும் நம்பாமல், நிஜக் கோடு இன்னும் வரவில்லை என்கிற மாதிரி முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். வளைவில் நின்ற தொண்டர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து, "போதும் பாப்பா, முடிஞ்சு போச்சு" என்று மறித்தார்.

பலகையில் 12.54 எரிந்தது.

மாஸ்டர் அண்ணியிடம் வந்து, "வாக்கு வாக்குதான்மா, நீங்களே பாத்துக்குங்க. ஆனா இது எப்படின்னு எனக்குப் புரியல" என்றார். அண்ணிக்கும் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசனையாகவே வந்தாள்.

"இன்னைக்குக் கோடு நகரல அண்ணி. சீக்கிரமே வந்துடுச்சு" என்றாள் கொக்கு, பாதித் தூக்கத்தில்.

அண்ணியின் முகம் மாறியது. டிப்போ நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே கடையைத் திறந்தாள். டிராயரிலிருந்து பழைய டேப்பை எடுத்து மேஜையில் நீட்டினாள். பக்கத்திலேயே புது டேப்பை நீட்டினாள். இரண்டிலும் ஒரே எண்கள்தான். ஆனால் பழையது மூன்று சென்டிமீட்டர் நீண்டு மேஜை விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

"இழுத்து இழுத்து நீண்டுபோச்சு" என்றாள் அண்ணி. "போன வருஷம் சட்டையெல்லாம் இறுக்கிப் பிடிக்குதுன்னு ஆளாளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. உடம்பு போட்டிருக்கீங்கன்னு அவங்களையே குறை சொன்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, டேப்பு குறைச்சுக் காட்டுது, மேஜை ஸ்கேல வெச்சு வெட்டினா இறுக்கமா வருதுன்னு. அதுக்குத்தான் இத ஒதுக்கி வெச்சேன். சுத்தமா மறந்துட்டேன்."

அறுபத்தாறு மூன்று நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கடைசி மீட்டருக்கு இன்னும் இரண்டு. சுண்ணாம்புக் கட்டியால் மேஜையிலேயே கணக்குப் போட்டுவிட்டு அண்ணி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மீட்டர். அஞ்சு மாசமா உன்ன ரெண்டு மீட்டர் அதிகமா ஓட வெச்சுட்டு, மனசு இல்லன்னு சொல்லியிருக்கேன். கோட்டுக்குக் கால் இருந்துச்சு கொக்கு. நான்தான் வெச்சுவிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "நீ மாஸ்டர்கிட்டயே போயிடு. அளக்கத் தெரியாதவகிட்ட உனக்கு என்ன வேலை?"

அழுகிற அண்ணியைக் கொக்கு இதுவரை பார்த்ததில்லை. பழைய டேப்பை எடுத்துச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அண்ணியை எழுப்பியது கொக்குதான். புது டேப்பையும் ஆணியையும் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். அண்ணி எழுந்து வந்தாள். பனிக்குள் மறுபடி அறுபத்தாறு தடவை குனிந்து நிமிர்ந்தார்கள். புதுக்கோடு பழைய கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் விழுந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி, பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழிக்கப் போனாள்.

"அத அழிக்காதீங்க."

"ஏன், இன்னும் வேற உன்ன ஏமாத்தணுமா?"

"நேத்து எல்லாரும் கோட்டுல மெதுவானாங்க. நான் ஆகல. அது இதனாலதான்" என்றாள் கொக்கு. "வாட்ச புதுக் கோட்டுல நிறுத்துங்க. ஆனா நீங்க வழக்கம்போல இங்கேயே நில்லுங்க அண்ணி. நான் உங்ககிட்ட வரைக்கும் ஓடி வரேன்."

திரும்பிப் பார்க்காமல் அவள் மறுமுனைக்கு நடந்தாள். குனிந்து, விரல்களை மண்ணில் ஊன்றித் தலையை நிமிர்த்தியபோது, தூரத்தில் பழைய கோட்டின் மேல், சிவப்புத்துணி மேலே உயர்ந்து நின்றது.