நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. சிவகாசியில் சாத்தூர் சாலையிலுள்ள ஒரு மாலில் நான்கு கடைகள் மட்டும் திறந்திருந்தன.

கட்டிய புதிதில் விருதுநகரிலிருந்துகூடக் கார்கள் வந்தன. கொரோனாவில் மாலிலிருந்த சினிமா தியேட்டரை மூடினார்கள். பிறகு வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செல்போனில் ஆர்டர் போட்டார்கள். உரிமையாளர் ராஜபாண்டியன் கரண்டு பில்லுக்குப் பயந்து எஸ்கலேட்டரை நிறுத்தினார். மாடிக்கு யாரும் ஏறவில்லை. மாடி முழுவதையும் காலண்டர் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அங்கே மிஞ்சியிருந்தது ரோஷினியின் துணிக்கடை மட்டும்தான். அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலம் மட்டும் எஸ்கலேட்டரை ஓடவிட அவரைச் சம்மதிக்க வைத்தாள். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டும் மணிமுத்துவிடம், சம்பளம் வாங்கிய பெண்களை இங்கே இறக்கிவிடச் சொன்னாள்.

இரண்டு வேன்கள் வந்தன. முதலில் இறங்கிய பேச்சியம்மாள் இன்னும் மூன்று பேரோடு எஸ்கலேட்டரின் கைப்பிடியை இறுகப் பிடித்து ஏறினாள். பின்னாலேயே காலை வைக்கப்போன வேலுத்தாயைத் திரும்பிப் பார்த்து அதட்டினாள்.

“ஏட்டி, நில்லு. நாலு பேருக்கு மேல ஏறப்படாது.”

“இதென்ன மருந்து ரூமாக்கா?”

“நாங்க எறங்குனப்புறம் வா. ஒன் கனத்துக்கு இது தாங்காது.”

வரிசையே சிரித்தது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கையாளும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. பழக்கம் விடவில்லை, வேலுத்தாய் நின்றாள், அவளுக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். நாலு பேர் மேலே இறங்கிக் கையாட்டிய பிறகே அடுத்த நாலு பேர் ஏறினார்கள்.

வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். தீபாவளித் தள்ளுபடி என்று யாரோ சொன்னார்கள். பைக்குகள் நின்றன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

ராஜபாண்டியன் ஓடிவந்து, எல்லாரையும் ஒரேயடியாக ஏற்றிவிடும்படி காவலாளியிடம் கத்தினார். ரோஷினி படிக்கட்டில் மூச்சிரைக்க இறங்கி வந்து அவரை மறித்தாள்.

“அண்ணாச்சி, அவுகளை ஒண்ணும் சொல்லாதீக. வெளியே எட்டிப் பாருங்க.”

வரிசை பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை நீண்டிருந்தது.

“இம்புட்டுப் பேரும் எதுக்கு நிக்காக?”

“மாடிக்கு வாரதுக்கு.”

இறங்கும் படிக்கட்டு ரோஷினியின் கடையைக் கடந்து மறுகோடியில் இருந்தது. மேலே வந்தவர்கள் எல்லோரும் கடை வழியாகத்தான் போனார்கள். நைட்டியும் பிள்ளைகளின் கவுனும் தீர்ந்தன. வீட்டிலிருந்த மூட்டைகளை ஆட்டோவில் வரவழைத்தாள், அவையும் தீர்ந்தன. வேலுத்தாய் இரண்டாம் முறையும் ஏறி வந்தாள்.

மறுநாள் ராஜபாண்டியன் காலண்டர் கம்பெனியை வேறு கிட்டங்கி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எஸ்கலேட்டர் ஓடியது.