பிக்கிள் பொறுக்கிய வாத்துகள்

க்வெண்டா என்னை விட்டுவிட்டுக் குவீன்ஸ்லாந்துக்குப் போனபோது சோபாவையும் நல்ல பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அக்கா நோலீனை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள். ஆறு வருஷம் ஆகிறது. நான் இன்னும் நோலீனை மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் தங்கை புருஷனைத் திட்டுகிற முழு உரிமையோடு இன்னும் என்னைத் திட்டுகிறாள். எனக்கென்று மிஞ்சிய சொந்தம் அந்தத் திட்டு ஒன்றுதான்.

அது கிடைக்கும் இடம் மதினியின் பண்ணைக் குளத்தோரம் இருக்கிற மைமை. பழைய தகரத்தை வளைத்து, மேலே நாணலைப் போர்த்திக் கட்டிய மறைகுடில். உள்ளே மூன்று நாற்காலிகள். ஒன்று மதினிக்கு. ஒன்று, நாற்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்து முதுகு கேள்விக்குறியாகிப்போன என் நண்பன் டெஸ்ஸுக்கு. மூன்றாவது இருபத்திரண்டு வருஷமாக எனக்கு. மே மாதம் முதல் சனிக்கிழமை வாத்து வேட்டை தொடங்குகிறது. எங்கள் ஊர்ப்பக்கமான சவுத்லாந்தில் அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான்.

ஆனால் அந்த மூன்றாவது நாற்காலி நாய்க்காரனின் நாற்காலி. சுட்ட வாத்து நாணலுக்குள் கிடந்து அழுகக் கூடாது, நாய் இல்லாத இடத்தில் துப்பாக்கியும் இல்லை என்பது மதினியின் சட்டம். அது நல்ல சட்டம்தான். என் பழைய நாய் ஃப்ளோரா போன ஆகஸ்டில் கண்ணை மூடும்வரை எனக்கு அந்தச் சட்டம் ரொம்பவும் பிடித்திருந்தது.

பிறகு பிக்கிள் வந்தான். கறுப்பு லாப்ரடார் குட்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு கோப்பை அதிகமாகக் குடித்துவிட்டு, "மே மாசத்துக்குள்ள இவன் வாத்தை என் கையில கொண்டுவந்து வைக்கலன்னா கேளுங்க மதினி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மதினி முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "கேக்கத்தான் போறேன். முதல் நாள் காலைல, அடுப்புல சீஸ் ரோல் சிவக்கறதுக்குள்ள, ஒரு வாத்து. ஒண்ணே ஒண்ணு. உன் கைக்கு வரணும். வரலன்னா அந்த நாற்காலி மெர்வினுக்கு."

மெர்வின் பக்கத்துப் பண்ணைக்காரன். அவனுடைய நாய் டியூக், விரலை அசைத்தால் இடது வலது திரும்பும். அந்த நாற்காலியின் மேல் ஐந்து வருஷமாக மெர்வினுக்கு ஒரு கண்.

அன்றிலிருந்து, பள்ளிக்கூட பஸ் ஓட்டாத நேரமெல்லாம் எனக்குப் பயிற்சிதான். பிக்கிள் உட்கார் என்றால் உட்கார்ந்தான். விசில் ஊதினால் பறந்து வந்தான். கான்வாஸ் உருளையை எறிந்தால் நீந்திப்போய்க் கவ்வி வந்து, மூக்கை நிமிர்த்தி உட்கார்ந்து, என் உள்ளங்கையில் வைத்தான். ஒரே ஒரு குறை. வைத்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக் கடித்துத் தின்றான். பிப்ரவரிக்குள் ஐந்து உருளை காலி. உருளைக்கு எங்கே போவது? ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாத்து கிடந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டு மேலே பறக்கிற வாத்துகளை ஏமாற்றுவோமே, அந்தப் பொம்மை. அதன் முதுகில் ஓர் உண்மையான இறக்கையை நாடாவால் ஒட்டி எறிந்தேன். கடினமான பிளாஸ்டிக் என்பதால் அவனால் தின்ன முடியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மார்ச், ஏப்ரல் முழுக்க அந்தப் பொம்மைதான். ஒருமுறை உறைபெட்டியிலிருந்து நிஜ வாத்து ஒன்றை எடுத்துப் புல்வெளியில் வீசிப் பார்த்தேன். பிக்கிள் அதை முகர்ந்து பார்த்து, தபால்பெட்டிக்குக் கீழே குழி தோண்டி, மரியாதையாகப் புதைத்தான். குளிர்ந்து விறைத்துக் கிடந்ததால் பிடிக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதல் நாள் விடியற்காலை நானும் டெஸ்ஸும் மார்பளவு ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினோம். இருபத்து நான்கு பொம்மை வாத்துகளைக் கயிறும் ஈயக்குண்டும் கட்டி மிதக்கவிட்டோம். வைப்பது எளிது. மாலையில் விரல் மரத்துப்போகிற தண்ணீரில் இறங்கி அவற்றைப் பொறுக்கி, சிக்கெடுத்துச் சுற்றுவதுதான் கொடுமை. வருஷத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துச் செய்வோம். போன வருஷம் மதினியின் முறை. புதிதாக மாற்றிய இடுப்பெலும்போடு இறங்கி, வழுக்கி உட்கார்ந்து, அரைமணி நேரம் அவள் பேசிய பேச்சில் தேவாலயமே வெட்கப்பட்டிருக்கும்.

ஆறரை ஆனது. குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆறேழு வாத்துகள் வட்டமடித்து இறங்கின. மதினி எழுந்து ஒன்றைச் சுட்டாள். டெஸ் இன்னொன்றுக்குக் குறிவைத்துத் தவறவிட்டான். மதினியுடையது பச்சைத் தலை ஆண் வாத்து. பொம்மைகளுக்கு நடுவே தொப்பென்று விழுந்தது. பக்கத்துப் பண்ணைக் குழந்தையே போய் எடுத்துவரலாம் போல அவ்வளவு லகுவான இடம்.

"ஆரம்பி" என்றாள் மதினி.

"பிக்கிள்! போ, எடு!"

அம்பு மாதிரி பாய்ந்தான். நேராகப் பச்சைத்தலையை நோக்கி நீந்தினான். பக்கத்தில் போனான். முகர்ந்தான். வழியில் குறுக்கே நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி அதை ஒரு பார்வை பார்த்தான். சுற்றிக்கொண்டு போய், அதற்கு அடுத்த பொம்மையின் கழுத்தைக் கவ்வினான்.

கயிறும் குண்டும் பின்னால் இழுபட, கரையேறி, என் முன்னால் வந்து, மூக்கை நிமிர்த்தி உட்கார்ந்து, பொம்மையை என் உள்ளங்கையில் வைத்தான். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"நல்ல பையன்!" என்றது என் வாய். இரண்டு மாதப் பழக்கம். நான் பல்லைக் கடிப்பதற்குள் வந்துவிட்டது.

அவன் முகம் மலர்ந்தது. திரும்பி ஓடித் தண்ணீரில் குதித்தான்.

"ஒண்ணு" என்று எண்ணினான் டெஸ். கத்தரித்த ஆட்டை எண்ணி எண்ணி ஊறிப்போன குரல்.

"பிக்கிள்! நில்லுடா!" விசில் ஊதினேன். விசில் என்றால் சீக்கிரம் கொண்டு வா என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். சீக்கிரமாகக் கொண்டுவந்தான்.

"ரெண்டு."

மேலே பெரிய கூட்டம் ஒன்று வந்தது. முப்பது இருக்கும். தாழப் பறந்து, இறக்கையை மடக்கி, எங்கள் மூக்கின் மேல் இறங்கியது. நாய் தண்ணீரில் இருக்கும்போது யாரும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. மூன்று பேரும் மூன்று துப்பாக்கிகளைக் காலி செய்து மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நிஜ வாத்துகள் அரட்டையடித்தபடி நீந்தின. பிக்கிள் "கொஞ்சம் வழி விடுங்க" என்கிற மாதிரி அவற்றுக்கு நடுவே புகுந்து ஏழாவது பொம்மையை எடுத்தான்.

"மாப்ள, நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்வாங்க. இன்னிக்குத்தான்டா கண்ணால பாக்குறேன்" என்றான் டெஸ். சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தகரத்தில் மண்டையை இடித்துக்கொண்டான். "எட்டு!"

"எதை வச்சுடா பழக்கின இதை?" என்றாள் மதினி. குரல் ரொம்பவும் அமைதியாக இருந்தது. மதினி அமைதியாகப் பேசினால் மழை நிச்சயம்.

சொன்னேன். உருளை, ஷெட், நாடா, இறக்கை எல்லாவற்றையும் சொன்னேன். தபால்பெட்டி அடக்கத்தையும் சொன்னேன்.

"அப்ப நாய் மேல தப்பில்ல. சொல்லிக்குடுத்ததை ஒழுங்காத்தான் படிச்சிருக்கு. வாத்தியார்தான் மக்கு." கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தட்டில் சீஸ் ரோல்களை, சீஸ் தடவிச் சுருட்டிய ரொட்டிகளை, அடுக்கினாள். "சட்டம் சட்டம்தான். மெர்வினுக்குப் போன் பண்ணணும். எங்க வச்சேன் அந்த எழவை?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். பொய். நாற்காலி போனால் மதினியை நான் எங்கே பார்ப்பேன்? கடையில் பால் வாங்கும்போது "நல்லா இருக்கியா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவாள்.

"பதினஞ்சு! ரெண்டு ரெண்டா எடுக்கறான் இப்ப. கயிறு சிக்கிக்கிச்சு. பதினாறு!"

சீஸ் வாசம் எழுந்தது. ரோல்களின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியது. பிக்கிள் சளைக்கவில்லை. என் காலைச் சுற்றிப் பொம்மைகள் முழங்கால் உயரம் குவிந்துவிட்டன. இருபத்து மூன்றாவதுக்கு டெஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். இருபத்து நான்காவது டெஸ்ஸின் தாத்தா கையால் செதுக்கிய மர வாத்து. அதையும் பிக்கிள் ஒரு பல் தடம் படாமல் என் கையில் வைத்தான்.

இந்தமுறை நான் அதைக் குவியலில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிக்கிள் என்னைப் பார்த்தான். பாராட்டு வரவில்லை. வேலை இன்னும் முடியவில்லை போலும் என்று நினைத்தானோ என்னவோ, குளத்தைத் திரும்பிப் பார்த்தான். குளத்தில் ஒரு பொம்மைகூட மிச்சமில்லை. உயிருள்ள வாத்துகளும் அவன் போட்ட கூத்தில் கிளம்பிப் போயிருந்தன. நாணல் ஓரமாகக் காற்றில் ஒதுங்கி, பச்சைத்தலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

யாரும் ஏவாமலே அவன் இறங்கினான். நீந்திப் போய் முகர்ந்தான். தும்மினான். ஒருமுறை சுற்றிவந்தான். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே இடத்தை, அந்த இறக்கையை, ஓரமாகக் கவ்வினான்.

"மதினி" என்றேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன். வாயை மூடு." அடுப்புத் தீயைக் குறைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கரையேறினான். ஆனால் மைமை வாசலில், என் கைக்கு மூன்றடி தூரத்தில் நின்றுவிட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பதம் பார்க்கிறேன் என்று டெஸ் தட்டிலிருந்து முதல் ரோலை எடுத்துக் கையில் பிடித்திருந்தான். சீஸ் சொட்டியது. பிக்கிளின் கண் அதில் ஒட்டிக்கொண்டது. தாடை மெல்லத் தளர்ந்தது. வாத்து ஒரு பக்கமாகச் சரிந்தது.

"டெஸ்!" என்று நானும் மதினியும் ஒரே குரலில் கத்தினோம்.

டெஸ் தயங்கவே இல்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த அந்த ரோலை முழுசாக வாய்க்குள் திணித்தான். கண்ணில் நீர் கொட்டியது. காலை உதைத்தான். சத்தம் மட்டும் போடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு நண்பன் எனக்காகச் செய்த பெரிய தியாகம் அதுதான்.

வெறும் கையைக் கண்ட பிக்கிள் பெருமூச்சு விட்டான். தாடையை இறுக்கினான். மூன்றடி நடந்துவந்து, உட்கார்ந்து, மூக்கை நிமிர்த்தி, பச்சைத்தலையை என் உள்ளங்கையில் வைத்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"நல்ல பையன்" என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது.

"அடுத்தமுறை" என்று ஆரம்பித்தேன், "நான் சரியா—"

"பேசாதே." மதினி போனைக் கண்டுபிடித்திருந்தாள். காதில் வைத்தாள். "மெர்வினா? நோலீன். நாற்காலி காலியில்ல... இல்ல, வாத்து ஒண்ணுதான். ஆனா கேளு, சாயங்காலம் எடுக்கவேண்டிய பொம்மை மொத்தத்தையும் இப்பவே பொறுக்கிட்டான். இருபத்து நாலு. இருபதே நிமிஷம். ஒரு மனுஷன் காலு நனையல... உன் டியூக் பண்ணுமா இதை? பண்ணாதுல்ல? அப்ப வச்சிடு."

போனை வைத்துவிட்டு, தன் இடுப்பைத் தடவிக்கொண்டு, குவிந்துகிடந்த பொம்மைகளை ஆசையாகப் பார்த்தாள். "இத்தனை வருஷமா இந்த வேலைக்கு ஒரு ஆள் கிடைக்காதான்னு ஏங்கிட்டிருந்தேன். மறுபடி போய் மிதக்கவிடு. அதுவரைக்கும் இவனைக் கட்டி வை. சாயங்காலம் அவிழ்த்து விடலாம்."

"அப்ப நாற்காலி எனக்குத்தானே மதினி?"

"உனக்கு யாரு சொன்னா? நாற்காலி அவனுக்கு." பிக்கிளைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, ஈர முதுகில் தன் கம்பளியைப் போர்த்தினாள். அவனுக்கு ஒரு ரோலை ஊதி ஊதி ஊட்டினாள். "அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே, அதுக்காக நீயும் வந்து தொலை. வருஷா வருஷம்."

டெஸ் ஏதோ சொல்ல வந்தான். நாக்கு வெந்திருந்ததால் ஒன்றும் புரியவில்லை.

அன்று முழுவதும் நான் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துதான் சுட்டேன்.