எங்க பிள்ளை படிக்குது

சட்டக் கல்லூரியில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு இப்போது என் ஆபீசுக்கு ஆட்கள் வருகிறார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்பாவோ அம்மாவோ வந்து நாற்காலி நுனியில் உட்காருவார்கள். நான் முதலில் சொல்வது ஒன்றுதான். "ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லாதீக." கண்திருஷ்டிக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து அந்த அம்மாக்கள் பலமாகத் தலையாட்டுவார்கள். திருஷ்டியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. காரணம் வேறு.

மற்றதெல்லாம் கேட்டால் சொல்வேன். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வை, கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அழாதே. மார்க் குறைவு என்று நீயாகவே முடிவு செய்து விண்ணப்பம் போடாமல் இருந்துவிடாதே, இடம் இல்லை என்று அவர்கள் சொல்லட்டும். தமிழில் படித்தவள் என்று வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போகாதே, அங்கே உட்கார்ந்தால் ஐந்து வருஷமும் அங்கேதான். இதெல்லாம் எவரும் சொல்லக்கூடிய யோசனைகள். முதலில் சொன்னதுதான் என் சொந்தச் சரக்கு.

என் பெயர் இசைவாணி. ஊர் தாயில்பட்டி. அப்பா சின்னச்சாமி பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் தெருவில் கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள் நிறைய உண்டு, ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாயிரத்து இரண்டில் நான் விண்ணப்பம் வாங்கப் போகிறேன் என்றதும் தெருவே கூடிவிட்டது. சீசன் வேலையில் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அடுத்த வீட்டில் இருந்த, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான மாரிக்கண்ணன் மாமாதான் என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். அவருக்குக் கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளி நிறம் போகாது.

பஸ்ஸில் மாமா சொன்னார்: "வாணி, நீ வக்கீலானதும் நான் ஒருத்தன் மண்டைய உடைச்சிட்டு உங்கிட்டதான் வருவேன். பீசு கீசுன்னு கேக்கப்பிடாது."

"யார் மண்டைய மாமா?"

"அதை நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள யோசிச்சு வச்சுக்கிடுதேன். ஏகப்பட்ட பேரு இருக்கான்."

ஊர் திரும்பியபோது அவர் பெண்டாட்டி பஞ்சம்மாள் அத்தை குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். "ஏ, தள்ளுங்க, வக்கீலம்மா வாராக" என்று குடத்தை ஒதுக்கி வழி விட்டாள். விண்ணப்பம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது, ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை, அதற்குள் நான் வக்கீலம்மா. கேலியாகத்தான் ஆரம்பித்தது. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்குக் கேலி போய் அது நிஜமாகிவிட்டது. முதல் வருஷ விடுமுறையில் வந்தால் வேலித் தகராறு, பட்டா மாறுதல், ஓடிப்போன மாப்பிள்ளை எல்லாம் என் வீட்டு வாசலுக்கு வரும். நான் அப்போது ஆங்கிலச் செய்யுளுக்குக் கோனார் மாதிரி ஏதாவது உரை கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால், "பாத்தியா, வக்கீலுக வாய விடமாட்டாக" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். கோட்டிக்கார ஜனங்கள்.

அடுத்த வருஷம் தீபாவளி சீசனில் மருந்து அறை வெடித்து மாமா செத்துப்போனார்.

விடுதிக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காத்து வைக்கிற நிலையில் உடம்பு இல்லை என்றார்கள். நான் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் மகள் சண்முகத்தாய் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தாள், அழுகை வராமல் எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டேன்: "கம்பெனிக்காரக என்ன சொல்றாக? நட்டஈடு வருமாப்பா?"

"அதெல்லாம் பெரியவுக நாங்க பாத்துக்கிடுதோம். நீ படிக்கிற சோலியப் பாரு."

பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஒப்பந்தச் சட்டம். அதில் குதிரை விற்றவன், கப்பலில் சரக்கு அனுப்பியவன் கதையெல்லாம் வரும். மருந்து அறையில் வெந்தவனைப் பற்றி ஒரு வரி வராது.

அப்புறம் வெறி வந்ததுபோலப் படித்தேன். இதையும் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வேன். பரீட்சை நேரத்து நோட்ஸை நம்பாதே, சட்டப் புத்தகத்தையே படி. ஒரு பக்கத்துக்கு முப்பது வார்த்தை புரியாவிட்டாலும் அகராதியைப் புரட்டு, மூன்றாம் மாதம் பத்து வார்த்தையாகும். விடைத்தாளில் வளவளவென்று எழுதாதே. முதலில் சட்டப் பிரிவு, அடுத்து தீர்ப்பு, அதற்கப்புறம் உன் புத்திசாலித்தனம். இப்படிப் படித்து வகுப்பில் மூன்றாவதாக வந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பஞ்சம்மாள் அத்தை பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள். "இன்னும் எம்புட்டு வருசம் இருக்கு தாயி?" என்று கேட்பாள். பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்வேன்.

ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில்தான் தொழிலாளர் சட்டம் வந்தது. வாத்தியார் இழப்பீட்டைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். விபத்தில் தொழிலாளி செத்தால் குடும்பத்தார் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், தவறினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார். போட்டிருப்பார்கள், கட்டாயம் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வகுப்பு முடிந்ததும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அப்பா, மாரிக்கண்ணன் மாமா கேசு என்னாச்சு?"

"எந்தக் கேசு?"

"நட்டஈட்டுக் கேசுப்பா."

அப்பா சிரித்தார். பெருமையான சிரிப்பு. "அதை உனக்குன்னுல்லா வச்சிருக்கோம்."

அன்றைக்கே பஸ் ஏறினேன். வீட்டில் அத்தையும் இருந்தாள், அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். மாமா செத்த துஷ்டி வீட்டுக்கே இரண்டு வக்கீல்களின் ஆட்கள் கையெழுத்துக் கேட்டு வந்தார்களாம். வருவதில் பாதி தங்களுக்கு வேண்டும் என்றார்களாம். "எங்க பிள்ளை படிக்குது, அது வந்து போடும்" என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டாள். தெருவே அதுதான் சரி என்றது. என்னிடம் சொன்னால் படிப்பில் புத்தி போகாது என்று எல்லாருமாகச் சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டார்கள். சண்முகத்தாய்க்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கூறு இருக்கா உங்களுக்கு? மூணு வருசமாச்சே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"நீ என்ன அத்தைய இப்படி வையுத?" என்றார் அப்பா. "எங்கன போயிரப் போவுது கேசு? செத்தது செத்ததுதானே. கம்பெனியும் அங்கனயேதான் இருக்கு."

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்குக் கோபம் அழுகையாகிவிட்டது. அத்தைதான் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு அந்தப் பணத்தில் ஒரே ஒரு கணக்குத்தான். சண்முகத்தாய் பத்தாவது முடித்ததும் வேலைக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேனில் ஏறக்கூடாது. என்னைப் போல மேலே படிக்க வேண்டும்.

மறுநாள் சிவகாசியில் தங்கச்சாமி வக்கீலிடம் அத்தையைக் கூட்டிப் போனேன். நல்ல மனுஷன். பாதியெல்லாம் கேட்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தாமதத்துக்குக் காரணம் எழுதணும்மா. படுத்த படுக்கையா இருந்தாகன்னு போடுவோம். மஞ்சக்காமாலை, காசநோய், ஏதாவது ஒண்ணு. சர்டிபிகேட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணிக்கிடுதேன். விசாரிக்கிற லேபர் அதிகாரி ஒத்துக்கிடுவாரு."

அத்தை மிரண்டு போனாள். "ஐயா, சீக்குன்னு மட்டும் எழுதிராதீக. நான் இன்னைக்கும் கம்பெனிக்குத்தான் போறேன். சீக்குக்காரின்னு காதுல விழுந்தா வேலைக்கு எடுக்க மாட்டாக. ஒரு கம்பெனியில சொன்னா எல்லாக் கம்பெனிக்கும் சொன்ன மாதிரி."

"அப்ப என்னத்தம்மா எழுத?"

"நடந்ததையே எழுதுங்க."

தங்கச்சாமி என்னைப் பார்த்தார். பொய் எழுதினால் அவள் இன்றைய சோறு போகும், நிஜத்தை எழுதினால் நாளைய சோறு போகும். நிஜத்தைத்தான் எழுதினோம். உறவுக்காரப் பெண் சட்டம் படித்துக்கொண்டிருந்ததால் அவள் முடித்து வரட்டும் என்று மனுதாரர் அறியாமையில் காத்திருந்தார் என்று, எவ்வளவு கெஞ்சலாக எழுத முடியுமோ அவ்வளவு கெஞ்சலாக எழுதினார்.

மதுரையில் அந்த அதிகாரி முன்னால் விசாரணை. நான் இன்னும் மாணவி, வாயைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வக்கீல் இளவயசுக்காரர், குரலை உயர்த்தவே இல்லை.

"சிவகாசியில வக்கீலே இல்லையாம்மா?"

"இருக்காக. நிறைய இருக்காக."

"உங்க வீட்டுக்காரர் இறந்தப்ப வக்கீல் ஆளுங்க யாராவது உங்களை வந்து பாத்தாங்களா?"

"வந்தாக. ரெண்டு பேரு."

"கேஸ் போடலாம்னு சொன்னாங்களா?"

"சொன்னாக. எங்க பிள்ளை படிக்குது, அது வந்து போடும்னு சொல்லி அனுப்பிட்டேன்." இதைச் சொல்லும்போது அத்தை திரும்பி என்னைக் கைகாட்டினாள். "அந்தா உக்காந்திருக்குல்ல, அந்தப் பிள்ளைதான்." அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"அப்ப, கேஸ் போடலாம்னு தெரியும். ஆள் கிடைச்சும் நீங்க வேணும்னேதான் போடாம இருந்தீங்க. சரிதானே?"

தங்கச்சாமி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் அத்தை நிமிர்ந்து நின்று பதில் சொல்லிவிட்டாள்.

"ஆமாய்யா. வேணும்னேதான்."

கம்பெனி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வேறு எதைக் கேட்க வேண்டும் அவர்? பின்வரிசையில் ஐந்து வருஷச் சட்டத்தை மண்டையில் வைத்துக்கொண்டு நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம் என்று எழுந்து சொல்ல என்னைத் தவிர அங்கே ஆளில்லை, என்னால் சொல்ல முடியாது.

அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. தெரிந்தே செய்த தாமதம், உறவினர் படிப்பு முடிக்கட்டும் என்று காத்திருந்தது தக்க காரணம் ஆகாது, மனு தள்ளுபடி. அதிகாரி படிக்கும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. சட்டப்படி அது தப்பான உத்தரவு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. மேலே போகலாமா என்று தங்கச்சாமியைக் கேட்டேன். "சாட்சிக் கூண்டுல ஏறி அம்மாவே ஒத்துக்கிட்டாகளே" என்றார். அவருக்கு அடுத்த கேஸ் இருந்தது, போய்விட்டார்.

நானும் அத்தையும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றோம். உத்தரவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி விடு. சண்முகத்தாய பத்தாப்பு முடியவும் வேன்ல ஏத்தி விட்டுற வேண்டியதுதான். எங்கூடத்தானே இருக்கப் போறா."

"என்னைய மன்னிச்சிரு அத்தை."

"நீ என்ன தாயி செய்வ." அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "இந்த ரெண்டு வருசக் கணக்க உனக்கு எப்ப தாயி சொல்லிக்குடுத்தாக?"

"இந்த வருசம்தான் அத்தை. அஞ்சாவது வருசம்."

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"அதை மொத வருசமே சொல்லிக்குடுத்திருக்கப்பிடாதா?"

சிவகாசி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அத்தை எனக்கும் சேர்த்து இடம் போட முந்திக்கொண்டு ஏறினாள்.